புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிறீர்களா? பாதியில் விடாமல் இருக்க சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பளபளவென்று புது ஷூக்கள் கண்ணில் படும். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய பிறகு அவற்றில் பலவற்றைப் பார்க்க முடியாது. ஆரம்ப சூரத்தனம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஆனால் நான் பார்த்தவரை சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள் குறைவு. திட்டம் போடும்போதே எல்லாம் கூடிவரும் நாளை மனதில் வைத்துப் போட்டுவிடுகிறோம். மழை இருக்காது, இரவு ஒன்பது மணிக்கு ஆபீஸ் கால் இருக்காது, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்காது, அலாரம் அடித்ததும் கண் திறந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு நாள் மாதத்துக்கு எத்தனை முறை வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

தொடங்கி, விட்டு, பணம் கட்டி, மறுபடி தொடங்கி ஒருவழியாக நிலைத்த பிறகு, மற்றவர்களுக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எடைக் குறைப்பு, சிக்ஸ் பேக் இதில் வராது. மூன்று மாதம் கழித்தும் நீங்கள் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் இலக்கு.

1. கிளம்பும் முன் பிபி, சுகர் பார்த்துவிடுங்கள்

நாற்பது தாண்டியவர்கள், குடும்பத்தில் இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள், வருடக்கணக்கில் நாற்காலியிலேயே வேலை பார்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் மாஸ்டர் செக்கப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டிய அவசியம் எல்லாருக்கும் இல்லை. உங்கள் வார்டுக்குரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகவே பார்ப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில், ஆதாரை எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டால் பழைய சீட்டையும் கொண்டு போங்கள்.

கீழே உள்ள கேள்விகளில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று பதில் வந்தால், டாக்டரைப் பார்த்த பிறகுதான் ஷூ வாங்க வேண்டும்:

- மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் அழுத்தம், வலி வருகிறதா?
- சமீபத்தில் தலைசுற்றி விழுந்திருக்கிறீர்களா?
- இதயக் கோளாறு இருப்பதாக யாராவது டாக்டர் சொல்லியிருக்கிறாரா?
- பிபி 180/110 அளவுக்குப் போயிருக்கிறதா?
- முட்டி, இடுப்பு, முதுகில் நடந்தால் கூடும் வலி இருக்கிறதா?
- கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது பிரசவமோ ஆபரேஷனோ ஆகிச் சில மாதங்கள்தான் ஆகின்றனவா?

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: "நடந்தால் சுகர் ரொம்ப இறங்குமா, மாத்திரை நேரத்தை மாற்றணுமா?" பாக்கெட்டில் நான்கு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலில் கண்ணாடி குத்தியதே சிலருக்குத் தெரியாது.

2. நேரம்: வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

"நேரம் கிடைக்கும்போது போவேன்" என்று சொல்கிறவர் போகமாட்டார். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு பயிற்சியை ஒட்டவைத்துவிடுங்கள். ஸ்கூல் வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டதும், காலைக் காபி குடித்ததும், ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், இப்படி ஏதாவது ஒன்று. கடிகாரத்தை நம்பினால் ஒரு நாள் தாமதமானதும் அன்றைய கணக்கு போய்விடும். காபி எத்தனை மணிக்கு வந்தாலும் காபிதான்.

சென்னையில் மே கடைசி, ஜூன் முதலில் சூரியன் 5.40 வாக்கில் உதிக்கும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். ஆக, ஜனவரியில் ஆறரைக்குக் கிளம்பிச் சுகமாக நடந்தவர், அதே பழக்கத்தில் மே மாதம் ஆறரைக்குக் கிளம்பினால் ஏழு மணி வெயிலில் வியர்த்து ஊற்றி, "நமக்கு ஒத்துவராது" என்று வீட்டுக்கு வந்துவிடுவார். மார்ச் பாதியிலேயே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு இழுங்கள். காலையில் முடியாவிட்டால் மாலை ஆறரைக்கு மேல் போகலாம். கடற்காற்று வந்திருக்கும். காலை நடைதான் உசத்தி, மாலையில் பலனில்லை என்று பூங்கா பெஞ்சில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஓஎம்ஆர் பக்கம் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் ஐந்து மணி எழுச்சியைப் பற்றிக் கனவு காணவே வேண்டாம். தூங்கி எழுந்த பிறகு, வேலைக்குக் கிளம்பும் முன், அதாவது மாலை நாலு, ஐந்து மணிதான் உங்களுக்குக் காலை. ஷிப்ட் முடிந்து விடிகாலை வந்ததும் தூக்கத்தை வெட்டிவிட்டு நடக்கப் போனால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

3. இடம்: பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்

வீட்டிலிருந்து அந்த இடம் நடந்தோ வண்டியிலோ பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அம்பத்தூரில் இருந்துகொண்டு மெரினாவில் நடக்க ஆசைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நடப்பீர்கள்.

மாநகராட்சிப் பூங்காக்களில் கட்டணம் கிடையாது, ஆவணம் எதுவும் வேண்டாம். மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகரில் டவர் பார்க், தி.நகரில் நடேசன் பூங்கா, செனாய் நகரில் திரு.வி.க. பூங்கா போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பேர் தெரியாத ஒன்று இருந்தால் அதுவே போதும். பல பூங்காக்களை மதியம் பூட்டிவிடுவார்கள். வாசல் பலகையில் நேரம் எழுதியிருக்கும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில பூங்காக்களில் திறந்தவெளி ஜிம் கருவிகளும் உண்டு. உட்காரும் முன் போல்ட் ஆடுகிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

கடற்கரைதான் பக்கம் என்றால், மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து அண்ணா நினைவிடம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' நடைபாதை இருக்கிறது. எட்டையும் முதல் நாளே முடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மணலில் ஓடுவது புதியவர்களுக்கு வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும், கெண்டைக்கால் மறுநாள் படியிறங்க விடாது. நடைபாதையிலேயே நடங்கள்.

தெருவில் நடப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பிளாட்பாரம் இல்லாத ரோட்டில் வண்டிகளைப் பார்த்தபடி எதிர்ப்பக்கம் நடங்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். இன்னொன்று நாய். விடியும் முன் கூட்டமாக நிற்கும் தெருக்களைத் தவிர்த்துவிடுங்கள், துரத்தினால் ஓடாதீர்கள். பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

பெண்கள் பலருக்கு இருட்டில் தனியாகப் பூங்காவுக்குப் போவது சரிப்படாது. மொட்டை மாடி இருக்கிறதே. பிளாட் அசோசியேஷன் பூட்டி வைத்திருந்தால், காலை ஒரு மணி நேரம் சாவி வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் "பாக்கலாம்மா" என்பதோடு முடிந்துவிடும்.

4. அளவு: கேவலமாகத் தோன்றும் அளவுக்குக் குறைவாகத் தொடங்குங்கள்

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அங்கே போய்ச் சேர எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தவரை இரண்டாம் வாரம் தேடினால் கிடைக்கமாட்டார்.

முதல் இரண்டு வாரம்: வாரத்துக்கு நான்கு நாள், பத்து முதல் பதினைந்து நிமிட நடை. அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு எக்சர்சைஸா" என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும்.

மூன்று, நான்காம் வாரம்: நடை இருபது நிமிடம். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து முறை, சற்று ஓய்வெடுத்து இரண்டையும் இன்னொரு சுற்று. நாற்காலி பிளாஸ்டிக் என்றால் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், வழுக்கும்.

ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை: நடையை அரை மணிக்கு ஏற்றி, நாளையும் ஐந்தாக்குங்கள். 150 நிமிடம் வந்துவிட்டது. சுவர்த் தண்டாலை மேசை விளிம்புக்கும், நாற்காலி எழுச்சியை நாற்காலி இல்லாத பஸ்கிக்கும் மாற்றலாம். தாத்தா காலத்துத் தண்டால், பஸ்கிதான் இன்றைக்கு ஜிம்மில் புஷ்அப், ஸ்குவாட் என்ற பேரில் நடக்கிறது. எடை தூக்கும்போதோ தண்டால் எடுக்கும்போதோ மூச்சைப் பிடிக்காதீர்கள், பிபி ஏறும்.

வேகம் சரிதானா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

இப்போது முக்கியமான விஷயம். எந்த வாரமாக இருந்தாலும் உங்களுக்கென்று ஒரு 'கடைநிலை அளவு' வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் படியேறி இறங்குவது, அல்லது ஒரு சுற்று நாற்காலி எழுச்சி. தலைவலி, விருந்தாளி, மின்வெட்டு என்று எது வந்தாலும் அதைச் செய்துவிடலாம் என்ற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். மோசமான நாளில் இதை மட்டும் செய்துவிட்டு அன்றைக்குப் பயிற்சி முடிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏமாற்று வேலை மாதிரித் தெரியும். பழக்கம் அறுந்துபோகாமல் பிடித்து வைப்பது இந்த ஐந்து நிமிடம்தான்.

ஓட ஆசை இருந்தால் அரை மணி நடை பழகிய பிறகு தொடங்குங்கள். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று கலந்து, வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 9 வாரத்தில் 5 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகும் திட்டங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியாக ஓடப் பிடிக்காதவர்கள் சென்னை ரன்னர்ஸ் குழுவின் உங்கள் ஏரியாக் கிளையை விசாரியுங்கள்.

5. ஜிம்முக்குப் பணம் கட்டும் முன்

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் ஒரு யோசனை: நான்கு வாரம் வெளியே நடந்து காட்டாமல் ஜிம்மில் சேராதீர்கள். பணம் கட்டினால் போகத் தோன்றும் என்பது பொய். பணம் கட்டிய முதல் மாதம் போகத் தோன்றும், அவ்வளவுதான்.

செலவு: ஏரியா ஜிம்களில் மாதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை ஆகலாம். ஏசி, ட்ரெட்மில் வரிசையோடு பல கிளைகள் உள்ள பெரிய ஜிம் என்றால் அதற்கு மேல். பல இடங்களில் சேர்க்கைக் கட்டணம் தனி. தனிப் பயிற்சியாளர் வைத்தால் மாதம் 5,000க்குக் குறையாது. மாநகராட்சியும் சில இடங்களில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறது. கருவிகளின் நிலை இடத்துக்கு இடம் மாறும், முதலில் அங்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.

புத்தாண்டு, ஆடி, தீபாவளி ஆஃபர் என்று ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒரு கணக்கு: மாதம் 2,000, ஆண்டுக்கு 15,000 என்கிறார்கள். ஏழு மாதத்தில் நின்றுவிட்டால் மாதாமாதம் கட்டியவருக்கு 14,000தான் செலவு, ஆண்டு கட்டியவருக்கு 15,000 போயிருக்கும். எட்டு மாதம் போனால்தான் ஆண்டுச் சந்தா லாபம். புதியவர்கள் முதலில் ஒரு மாதம், அப்புறம் மூன்று மாதம், அதற்கப்புறம்தான் ஆண்டு.

"சார், ஆஃபர் இன்னைக்கோட முடியுது சார், நாளைக்கு ரேட் ஏறிடும்" என்பார் கவுண்டரில் இருப்பவர். "சரி தம்பி, ஒரு வாரம் டே பாஸ்ல வர்றேன், பிடிச்சிருந்தா கட்டுறேன்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரமும் அதே ஆஃபர் இருக்கும்.

அந்த ஒரு வாரமும் நீங்கள் வழக்கமாக வரப்போகும் நேரத்திலேயே போங்கள். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லா ஜிம்மும் காலியாக, அழகாக இருக்கும். மாலை ஏழு மணிக்கு ட்ரெட்மில்லுக்கு வரிசை நிற்கிறதா, டிரெயினர் புதியவர்கள் பக்கம் வருகிறாரா, செல்போனில் மூழ்கியிருக்கிறாரா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, இவற்றைப் பாருங்கள். சில ஏரியா ஜிம்களில் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருப்பார்கள். அந்த நேரம் உங்கள் வீட்டு நேரத்தோடு ஒத்துவராவிட்டால் சேர்ந்து பயனில்லை.

ஆவணங்கள்: பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஆதார் நகல், அவசரத் தொடர்பு எண், உடல்நிலைப் படிவம் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், அதையே கொடுங்கள். நகலின் மேல் "ஜிம் சேர்க்கைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். உடல்நிலைப் படிவத்தில் பிபி, சுகர், பழைய எலும்பு முறிவு எதையும் மறைக்காதீர்கள். டிரெயினர் எடை ஏற்றுவது அதைப் பார்த்துத்தான்.

கையெழுத்துப் போடும் முன் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று எறும்பு எழுத்தில் இருக்கும். கீழே உள்ளவற்றை வாயால் கேட்டுவிட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்:

- காய்ச்சல், ஆபரேஷன், வெளியூர் என்றால் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, எத்தனை நாள், அதற்குக் கட்டணம் உண்டா?
- வீடு மாறினால் வேறு கிளைக்கோ வேறு ஆளுக்கோ மாற்றிக் கொடுக்க முடியுமா?
- ஜிம்மே மூடிவிட்டால் மீதிப் பணம்?
- ரசீதில் ஜிஎஸ்டி எத்தனை சதவீதம்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஜிம்களுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 15,000 ரூபாய்க்கு 2,700 ஆக இருந்த வரி 750 ஆகிறது. பழைய கணக்கிலேயே வசூலித்தால் கேளுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் வாங்கினாலும் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஏரியா ஜிம்மில் ஆண்டுச் சந்தா வாங்கிவிட்டு, சில மாதத்தில் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். நானும் கட்டியிருந்தேன். கையில் ரசீது வைத்திருந்தவர்களால் மட்டும்தான் அடுத்த படிக்குப் போக முடிந்தது. அதனால் பணமாகக் கொடுக்காமல் யுபிஐயிலோ கார்டிலோ கட்டுங்கள், அச்சிட்ட ரசீது வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே புரோட்டீன் டப்பாவைப் பற்றிப் பேச்சு வரும். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு ஆரம்பக் கட்டத்தில் டப்பா தேவையில்லை. எடையைச் சீக்கிரம் ஏற்ற ஊசி, இறக்க மாத்திரை என்று யாராவது மெதுவாகக் காதில் போட்டால் அந்த ஜிம்மை விட்டே வெளியேறுங்கள்.

6. வாங்க வேண்டியவை

ஒரு ஷூ. 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மாலையில் போய், நீங்கள் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்க வேண்டும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் கட்டை இடம் இருக்கட்டும். பருத்திச் சட்டை வியர்வையில் கனத்துத் தொங்கும், சீக்கிரம் காயும் துணி நல்லது. வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு பாய் விரிப்பு போதும். ஸ்மார்ட் வாட்ச், டம்பெல் செட், வீட்டு ட்ரெட்மில் எதையும் முதல் மூன்று மாதத்தில் வாங்காதீர்கள். சென்னை வீடுகளில் துணி காயப்போடப் பயன்படும் ட்ரெட்மில்களின் எண்ணிக்கையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

7. வலி: எது சரி, எது ஆபத்து

புதிதாகப் பஸ்கி எடுத்தவருக்கு மறுநாள் வலிக்கும், அதற்கு மறுநாள் இன்னும் வலிக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். அந்த நாட்களில் மெதுவாக நடங்கள், படுத்துவிடாதீர்கள்.

இவை வேறு ரகம்:

- மூட்டில், ஒரே இடத்தில், குத்துவது போன்ற வலி. அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.
- ஒரேயடியாக நூறு பஸ்கி, இருநூறு பஸ்கி என்று பந்தயம் போட்டுச் செய்த பிறகு தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போவது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை இது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
- நெஞ்சு அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கோடைக்கு என்று ஒரு வார்த்தை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். மே மாதத்தில் புதிதாகத் தொடங்குபவர் மேலே சொன்ன அளவையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றைக்கு அத்தோடு போதும். வியர்வை எவ்வளவு கொட்டினாலும் போவது தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு இல்லை. உப்புப் போட்ட மோர் குடியுங்கள்.

பூங்கா வாசலில் தள்ளுவண்டியில் எவர்சில்வர் தூக்குகளை வரிசையாக வைத்து அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சூப், முடக்கத்தான் சூப் விற்பார்கள். குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது பயிற்சியின் பாகம் இல்லை. நடந்து முடித்த கையோடு பக்கத்து ஓட்டலில் நெய்ப் பொங்கல், வடை என்று ஆரம்பித்தால் எடை ஏன் இறங்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

8. காலண்டரில் குறியுங்கள்

மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும். செய்த நாளில் ஒரு டிக், கடைநிலை அளவு மட்டும் செய்த நாளில் ஒரு புள்ளி. எடையை வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையைத் தொடங்கும்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, ஒரே லேபில் எடுங்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருபத்திரண்டாம் நாள் ஏமாறாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

9. விட்டுப்போகும் நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள்

சென்னையில் வருடத்துக்கு மூன்று பெரிய இடைவெளி வந்தே தீரும். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும் கத்திரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கல், கோடை விடுமுறையில் ஊருக்குப் போவது. காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு, அந்த நாட்களில் என்ன செய்வீர்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கத்திரியில் வெளியே நடப்பதைக் குறைத்து, வீட்டுக்குள் நாற்காலி, சுவர்ப் பயிற்சிகளை வாரம் நான்கு நாளாக்கலாம். மழைக்காலத்தில் பிளாட்டின் மாடிப்படி இருக்கிறது. தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் நடக்க வேண்டாம், அடியில் மூடி திறந்த பள்ளம் இருந்தால் தெரியாது. மார்கழியைத் தவறவிடாதீர்கள், சென்னையில் வெளியே நடக்க அதைவிட நல்ல மாதம் இல்லை. புதிதாகத் தொடங்க நாள் பார்க்கிறவர்கள் மழை ஓய்ந்ததும் டிசம்பர் பாதியில் தொடங்கினால், வெயில் வருவதற்குள் இரண்டரை மாதம் கையில் இருக்கும்.

ஊருக்குப் போனால் கடைநிலை அளவு மட்டும். பெரியப்பா வீட்டு வராண்டாவில் தோப்புக்கரணம் போட்டால் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருவதற்குக் கணக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். ஒரு வாரம் விட்டிருந்தால் அளவைப் பாதியாக்கி நான்கைந்து நாளில் பழைய இடத்துக்கு வாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டால் முதல் வாரப் பத்து நிமிடத்துக்கே திரும்புங்கள், முதல் தடவையைவிடச் சீக்கிரம் ஏறிவிடலாம். வைரஸ் காய்ச்சல், டெங்கு என்று படுத்து எழுந்தவர்கள் காய்ச்சல் விட்ட மறுநாளே ஷூ மாட்ட வேண்டாம். பசி, தூக்கம் சரியாகி, வீட்டுப் படி ஏறி இறங்கினால் படபடப்பு வராத நிலைக்கு வந்த பிறகு தொடங்குங்கள். டெங்கு என்றால் டாக்டர் சொன்ன பிறகு. அதுவரை ஜிம் சந்தாவை நிறுத்திவைக்கச் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டின் போட்டோவோடு அன்றைக்கே அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். குணமாகி வந்த பிறகு கேட்டால் பழைய தேதிக்குப் போட்டுத்தரமாட்டார்கள்.